வந்துபோன கொரோனாவும் போட்டுக்கொண்ட ஊசியும்

2021 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் மெகா தடுப்பூசி முகாம். பெயரையும் ஆதார் எண்ணையும் எழுதிக்கொண்டிருந்த பெண், தலையைத் தூக்காமலே ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "முன்னாடி கொரோனா வந்திருக்கா?"

எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "வந்துட்டுப் போயிருச்சும்மா. அதான் வந்துட்டுப் போயிருச்சே, அப்புறம் எதுக்கு ஊசின்னு மருமகன் கேக்குறாரு. பொண்ணுதான் விடமாட்டேன்னுட்டா" என்றார். எனக்குப் பின்னால் நின்றவருக்கு நேரெதிர்க் குறை. முதல் ஊசி போட்ட மூன்றாம் வாரமே அவருக்குக் காய்ச்சல், பாசிட்டிவ். "போட்டும் வந்துச்சுல்ல? ரெண்டாவது போட்டு மட்டும் என்ன ஆகப்போவுது?"

ஒருவருக்கு நோய் வந்ததால் ஊசி வேண்டாம். இன்னொருவருக்கு ஊசி போட்டும் நோய் வந்ததால் ஊசி வேண்டாம். அந்தப் பெண் இருவரையும் பேசவிட்டு, படிவத்தில் ஒரு கோடு கிழித்து, அடுத்த மேசைக்கு அனுப்பினார்.

அவர் போகிற போக்கில் கேட்ட அந்தக் கேள்வி லேசுப்பட்டதல்ல. வைரஸ் உடலில் விட்டுப்போன நினைவும் ஊசி பதித்த நினைவும் ஒன்றை ஒன்று என்ன செய்கின்றன, எது முந்தியது எது பிந்தியது என்பதால் என்ன மாறுகிறது என்று ஆய்வுக்கூடங்கள் இன்றும் குடைந்துகொண்டிருக்கின்றன. நாமோ அதை 'நோயா, ஊசியா' என்று பட்டிமன்றமாக்கிவிட்டோம். இரண்டு அணியிலும் நல்ல பேச்சாளர்கள் இருந்தார்கள். எனக்கென்னவோ தலைப்பே தப்பு என்று தோன்றுகிறது.

"ஒருதடவை வந்தா மறுபடி வராது"

இந்த நம்பிக்கைக்கு வேர் உண்டு. வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அம்மை கண்டவரைப் பார்த்துக்கொண்ட வீடுகளில், முன்பே அம்மை வந்து தணிந்தவர்தான் பணிவிடைக்கு முன்னால் வருவார். அது அனுபவம் சொல்லிக்கொடுத்தது. டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846இல் தட்டம்மை பரவியபோது அங்கே அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் பானம் இதையே எழுதிவைத்தார். 1781இல் வந்த தட்டம்மையில் பிழைத்து, இன்னும் உயிரோடிருந்த முதியவர்களை, 65 ஆண்டு கழித்து வந்த தட்டம்மை தொடவில்லை.

அம்மைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. சின்னம்மை வைரஸ் உடலை விட்டுப் போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்து அக்கியாக வெளியே வரும். குயவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்ட நம் தாத்தாக்களுக்கு, இது பள்ளி நாளில் வந்த அதே அம்மைதான் என்று தெரிந்திருக்க வழியில்லை.

கொரோனா இந்த வரிசையில் சேராது. காரணம் பெரும்பாலும் நேரக் கணக்கு. ஒருமுறை பார்த்த கிருமி மறுபடி நுழைந்தால் நினைவு செல்கள் விழித்துப் பெருகி எதிர்ப்பொருளைக் கொட்டத் தொடங்க சில நாள் ஆகும். தட்டம்மை நுழைந்த நாளிலிருந்து காய்ச்சலாக வெளிப்பட ஏறக்குறைய பத்து நாள் எடுத்துக்கொள்கிறது; அதற்குள் நம் படை தயாராகிவிடும். கொரோனா மூன்று நான்கு நாளிலேயே மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடுகிறது. படை கிளம்பும்போது இருமல் வந்துவிட்டது. நுரையீரலுக்கு இறங்கும் வழியில்தான் அதை மடக்க முடியும். போதாக்குறைக்குக் கொரோனா முகத்தை மாற்றிக்கொண்டே வந்தது. தட்டம்மை வைரஸுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

முதல் ஆண்டில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. பிரிட்டனின் மருத்துவப் பணியாளர்களைத் தொடர்ந்து கவனித்த 'சைரன்' ஆய்வு, ஒருமுறை தொற்று கண்டவர்களுக்கு அடுத்த ஏழு மாதத்தில் மறுதொற்று அபாயம் 84 சதவீதம் குறைவு என்றது. 2021 நவம்பர் இறுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒமைக்ரான் செய்தி வந்தது, கணக்கு மாறிப்போனது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2023 பிப்ரவரியில் 'லான்செட்' வெளியிட்ட தொகுப்பின்படி, முந்தைய வகைகளால் வந்த தொற்று, 40 வாரம் கழித்து ஒமைக்ரான் தொற்றைத் தடுக்கும் அளவு 36 சதவீதம்தான். அதே தொகுப்பில், 40 வாரம் ஆன பிறகும் கடுமையான நோயைத் தடுக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 89 சதவீதம் இருந்தது. மறுபடி வரும், ஆனால் முன்புபோல் ஆளைச் சாய்க்காது என்று இதைச் சுருக்கலாம்; சராசரிக்கு அது சரி. எழுபது வயது சர்க்கரை நோயாளியிடம் இந்தச் சராசரியைச் சொல்லி ஆறுதல்படுத்த எனக்குத் துணிவு வராது.

"இயற்கையா வந்த எதிர்ப்புதான் ஒசத்தி, ஊசி செயற்கை"

ஊசிக்காகப் பேசியவர்கள் பலர் இதைக் கேட்டதும் கோபப்பட்டார்கள். கோபத்தில் உண்மையையும் தள்ளிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022 ஜனவரியில் கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலத் தரவுகளை வெளியிட்டது. டெல்டா உச்சத்தில் இருந்த 2021 இலையுதிர் காலம். ஊசியும் போடாத, நோயும் வராதவர்களின் தொற்று விகிதத்தோடு ஒப்பிட்டால், கலிஃபோர்னியாவில் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முன்பு நோய் வந்து ஊசி போடாதவர்களுக்கு 29இல் ஒரு பங்கு. இரண்டும் உள்ளவர்களுக்கு 32இல் ஒரு பங்கு. டெல்டாவைப் பொறுத்தவரை, நோய் கண்டு மீண்டவர்கள் ஊசி மட்டும் போட்டவர்களைவிடப் பாதுகாப்பாகவே இருந்தார்கள். இதை ஒளிக்க வேண்டியதில்லை.

காரணமும் புரிகிறது. அங்கே போட்ட ஊசிகளும் நம் கோவிஷீல்டும், வைரஸின் மேல்புற முள்ளான ஸ்பைக் புரதத்தை மட்டும் உடலுக்குக் காட்டுகின்றன. நோயோ முழு வைரஸையும், எல்லாப் புரதங்களோடும், மூக்குவழியே, நாள்கணக்கில் காட்டுகிறது. தோளில் போட்ட ஊசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறைக்கும். மூக்கின் ஈரப்படலத்தில் காவல் வைப்பதில் அது மந்தம். நோய் அங்கேயும் ஆள் நிறுத்திவிட்டுப் போகிறது.

பிறகு என்ன குறை? இரண்டு. முதலாவது, நோய் அளந்து கொடுப்பதில்லை. ஒருவருக்கு நிறையக் கிருமி, பன்னிரண்டு நாள் காய்ச்சல், வலுவான எதிர்ப்பு. இன்னொருவருக்கு வாசனை மட்டும் இரண்டு நாள் போய்வந்து, மெல்லிய எதிர்ப்பு. ஊசியில் மருந்தின் அளவு எல்லோருக்கும் ஒன்று. விளைவில் ஏற்றத்தாழ்வு அதைவிடக் குறைவு. கென்டக்கி மாநிலத்தில் 2020இல் நோய் கண்டவர்களை ஆராய்ந்தபோது, ஊசி போடாமல் விட்டவர்களுக்கு, முழுத் தவணையும் போட்டுக்கொண்டவர்களைவிட 2021 கோடையில் மறுதொற்று வரும் வாய்ப்பு 2.34 மடங்கு இருந்தது.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிது. மேலே சொன்ன கலிஃபோர்னியா அட்டவணையில் 'முன்பு நோய் வந்தவர்' என்ற கட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். அந்தக் கட்டத்துக்குள் வரும் வழியில் இறந்தவர்களுக்கு அட்டவணையில் இடமில்லை. 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சில் காத்திருந்தவர்களும் 'இயற்கை எதிர்ப்பாற்றல்' பெறும் வழியில் இருந்தவர்களே.

"ஊசி போட்டும் வந்துருச்சு, அப்ப ஊசி வீண்"

எனக்குப் பின்னால் நின்றவரின் குறை இது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல பதில் இருக்கிறது.

நம் காவல்துறையினர் முன்களப் பணியாளர்களாகச் சேர்க்கப்பட்டு முதலிலேயே ஊசி போட்டுக்கொண்டவர்கள். இரண்டாம் அலையின் உச்சத்தில், 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, 1,17,524 காவலர்களின் விவரத்தைச் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு மாதத்தில் கொரோனாவில் 31 காவலர்கள் இறந்திருந்தார்கள். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 82 சதவீதம், இரண்டுக்கு 95 சதவீதம் என்று கணக்கு வந்தது. அனைவரும் ஒரே துறை, ஒரே வேலை, ஒரே அலை. இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வும் அதே அலையில்தான். இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்று வருவது 65 சதவீதம் குறைந்தது. மருத்துவமனையில் சேர்வது 77, ஆக்சிஜன் தேவைப்படுவது 92, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது 94 சதவீதம் குறைந்தன. எண்கள் எப்படிப் படியேறுகின்றன என்று பாருங்கள். வாசலில் 65, உள்ளே போகப்போக 94. மூக்கில் கோட்டைவிட்டாலும் நுரையீரலில் மடக்குகிறது என்று முன்னே சொன்னதைத்தான் இந்த எண்களும் சொல்கின்றன. மூன்றாம் வாரம் காய்ச்சலில் படுத்தவர் 'வந்துருச்சு' என்பதைக் கணக்கில் எடுத்தார். நடந்து வந்து வரிசையில் நின்று புகார் சொல்ல முடிந்ததை எடுக்கவில்லை.

இன்னொரு கணக்குப் பிழையும் உண்டு. "ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்கள்ல பாதிப்பேர் ஊசி போட்டவங்கதானே?" என்று அப்போது அடிக்கடி கேட்டோம். ஆயிரம் பேர் உள்ள ஊரில் 900 பேர் ஊசி போட்டவர்கள் என்று வையுங்கள். போடாத 100 பேரில் 9 பேர் படுக்கிறார்கள். போட்ட 900 பேரில் 9 பேர் படுக்கிறார்கள். வார்டில் எட்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி. நூற்றுக்கு ஒன்பதும் நூற்றுக்கு ஒன்றும் சமமா என்பது வார்டில் நின்றால் தெரியாது. ஊரை எண்ணினால்தான் தெரியும்.

"வந்தவங்களுக்கு ஊசி தண்டம்"

பெரியவரின் மருமகன் கேட்டது. நியாயமான சந்தேகம்தான். பிரான்ஸ் 2021 பிப்ரவரியிலேயே, நோய் கண்டவர்களுக்கு இரண்டுக்குப் பதில் ஒரு தவணை போதும் என்று பரிந்துரைத்தது. இந்தியாவில் அந்த மே மாதம், குணமாகி மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆக, நோயைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதில் அரசுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தண்டமா என்பதுதான் கேள்வி.

கையில் ஊசி போட்ட சில நாளில் சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். உள்ளே பட்டறை ஓடுகிறது என்று அதற்குப் பொருள். நிணநீர் முடிச்சுக்குள் பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருளின் வடிவத்தைச் சின்னச் சின்னதாக மாற்றி மாற்றிப் பார்க்கும். வைரஸோடு கச்சிதமாகப் பொருந்துவது பிழைக்கும், பொருந்தாதது சாகும். நோய் போன பிறகும் இந்த இழைப்பு வேலை மாதக்கணக்கில் நடக்கிறது. ஆறு மாதம் இழைத்து வைத்த கருவிகளின் மேல் ஊசி விழும்போது, கூர் ஏறியவைதான் முதலில் பெருகும். சியாட்டிலில் நடந்த ஓர் ஆய்வில், நோய் வந்து மீண்டவர்களுக்கு ஒரே தவணை ஊசி, அவர்களின் எதிர்ப்பொருளை ஆயிரம் மடங்கு வரை உயர்த்தியது. அவர்கள் சந்தித்தே இராத தென்னாப்பிரிக்க வகையையும் அந்த எதிர்ப்பொருள் மடக்கியது.

கலிஃபோர்னியாவின் லா ஹோயா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஷேன் க்ராட்டி 2021 ஜூனில் இதற்குக் 'கலப்பு எதிர்ப்பாற்றல்' என்று பொருள்படும் பெயரைப் பிரபலப்படுத்தினார். உவமையை வயலிலிருந்து எடுத்தார். இரண்டு ரகங்களை ஒட்டினால் பிறக்கும் பயிர் தாயையும் தந்தையையும் மிஞ்சி விளைவதுண்டு. வீரிய ஒட்டு ரகம் பார்த்த நம் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகப் பிடித்த சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. 2003இல் அங்கே கொரோனாவின் உறவுக்கார வைரஸான சார்ஸ் பரவியது. அதில் பிழைத்த எட்டுப் பேர் 2021இல் ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆய்வாளர் லின்ஃபா வாங் குழுவினர் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அந்த எட்டுப் பேரின் எதிர்ப்பொருள் சார்ஸையும் கொரோனாவையும் அதன் புதிய வகைகளையும் மட்டுமின்றி, வௌவாலிடமும் எறும்புத்தின்னியிடமும் இருக்கும் உறவுக்கார வைரஸ்களையும் சேர்த்து மடக்கியது. பதினெட்டு ஆண்டு தூங்கிய ஒரு நினைவை வேறொரு வைரஸுக்கான ஊசி தட்டி எழுப்பியிருக்கிறது. நோய் மட்டும் செய்யாததை, ஊசி மட்டும் செய்யாததை இரண்டும் சேர்ந்து செய்தன; அதுவும் ஒன்றுக்கொன்று அரைகுறையாகப் பொருந்தியதால் செய்தன.

மக்கள் அளவில் பார்த்தால், 2023 ஜனவரியில் வெளியான தொகுப்பாய்வு ஒமைக்ரான் காலக் கணக்கைத் தருகிறது. ஓர் ஆண்டு கழித்துக் கடும் நோயைத் தடுப்பது, நோய் மட்டும் வந்தவர்களிடம் 74.6 சதவீதம், நோயும் முழுத் தவணை ஊசியும் உள்ளவர்களிடம் 97.4 சதவீதம். மறுதொற்றைத் தடுப்பதில் 24.7, 41.8. மருமகனுக்குச் சொல்ல வேண்டிய விடை முதல் இரண்டு எண்களில் இருக்கிறது.

"அப்ப வேணும்னே வரவழைச்சுக்கலாமே"

2022 ஜனவரியில் ஒமைக்ரானை 'இயற்கைத் தடுப்பூசி' என்று சொன்னவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். இந்தியாவில் அது லேசாகக் கடந்துபோனது உண்மை. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பிலேயே 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. முதல் கணக்கெடுப்பில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. டெல்டா கொன்று குவித்த பிறகு, ஊசியும் பரவிய பிறகு, ஒமைக்ரான் வந்து சேர்ந்த உடல்கள் பழைய உடல்கள் அல்ல.

சுவரே இல்லாத ஊருக்குள் அது நுழைந்தால்? ஹாங்காங்கைப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கெடுபிடியாகக் கதவைச் சாத்தி வைத்ததால் அங்கே இறந்தவர்கள் சுமார் 200 பேர்தான். முதியவர்கள் பலர், நோயே இல்லையே என்று ஊசியையும் தள்ளிப்போட்டார்கள். 2022 தொடக்கத்தில் அதே 'லேசான' ஒமைக்ரான் உள்ளே புகுந்தது. சில மாதங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் முழுத் தவணை போடாத முதியவர்கள்.

கலப்பு எதிர்ப்பாற்றலில் ஊசி முதலில், நோய் பிறகு என்ற வரிசையும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது. விலை மட்டும் வேறு.

"டெஸ்ட் எடுத்தேன், ஆன்டிபாடி எக்கச்சக்கமா இருக்கு"

அந்த எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களை நானறிவேன். எதிர்ப்பொருள் ரத்தத்தில் இறங்குவது இயல்பு. இறங்காவிட்டால் பிறந்ததிலிருந்து கண்ட கிருமிகளுக்கெல்லாம் சேர்ந்து நம் ரத்தம் கூழாகிவிடும். எலும்பு மஜ்ஜையில் குடியேறிய செல்களும் நினைவு டி செல்களும் அந்தச் சோதனையில் தெரியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 மே மாதமே, எதிர்ப்பொருள் சோதனையை வைத்துப் பாதுகாப்பை அளக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது.

அந்தச் சோதனைக்கு வேறொரு பயன் உண்டு. கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டும் காட்டுவதால், வைரஸின் உட்புறப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் தென்பட்டால் அவருக்கு நோய் வந்திருக்கிறது என்று பொருள். கோவாக்சின் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து போடுவதால் அவர்களிடம் இந்தத் துப்பு உதவாது. இந்தத் துப்பறியும் வேலையை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

"ஊசி போட்டுப் போட்டே எதிர்ப்புச் சக்தி தேஞ்சிரும்"

ஜெர்மனியில் ஒருவர் 29 மாதத்தில் 217 கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்காதீர்கள். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தினர் அவரை அழைத்துப் பரிசோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். எதிர்ப்பு செல்கள் களைக்கவில்லை, வேறு கிருமிகளுக்கான எதிர்ப்பும் குறையவில்லை. யாரும் பின்பற்ற வேண்டிய காரியமல்ல என்றும் சேர்த்து எழுதினார்கள்.

தேய்வு பொய். பிடிவாதம் உண்மை. முதலில் சந்தித்த முகத்தையே உடல் தேடும் பழக்கத்தை, ஃப்ளூ ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960இல் ஆதிப் பாவத்தோடு ஒப்பிட்டுப் பெயரிட்டார். கொரோனாவிலும் இது தலைகாட்டியது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2022இல் மருத்துவப் பணியாளர்களிடம் பார்த்தபோது, 2020இன் முதல் அலையில் நோய் கண்டு, மூன்று ஊசியும் போட்டு, பிறகு ஒமைக்ரானும் வந்தவர்களுக்கு, அந்த ஒமைக்ரானால் புதிதாகக் கிடைத்த எதிர்ப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பழைய பாடம் புதிய பாடத்தை உள்ளே விடவில்லை. 2023இல் ஊசியிலிருந்து முதலில் வந்த வூகான் வகையை அறவே எடுத்துவிட்டு, அப்போது பரவிய எக்ஸ்.பி.பி. வகையை மட்டும் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நோயோடு ஊசியைக் கூட்டினால் எப்போதும் கூடுதல்தான் வரும் என்று வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாது.

"கொரோனாவுக்குச் சொன்னது எல்லா வைரஸுக்கும் பொருந்தும்"

இங்கேதான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், ஏனென்றால் மழை விட்டதும் நம் வீட்டுக்கு வருவது டெங்கு.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அந்த ஒன்றுக்கு நெடுங்கால எதிர்ப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்குச் சில மாதம் தாங்கும் எதிர்ப்பு, அவ்வளவுதான். 1960களில் பாங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் ஒன்றைக் கவனித்தார். அதிர்ச்சி நிலைக்குப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது இரண்டாவது டெங்கு. முதல் டெங்குவிலேயே அப்படி ஆன கைக்குழந்தைகளுக்கோ, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் உடலில் இருந்தது. கியூபா இதை நாடளவில் காட்டியது. 1977இல் முதல் வகை பரவியபோது பெரிய சேதமில்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் படுத்தார்கள், 158 பேர் இறந்தார்கள். 1997இல் சாண்டியாகோ நகருக்கு இரண்டாம் வகை திரும்பி வந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இருபது ஆண்டு முன்பு முதல் வகை கண்டவர்கள்.

முதல் வகைக்காகச் செய்த எதிர்ப்பொருள் இரண்டாம் வகையோடு ஒட்டும். ஆனால் செயலிழக்கச் செய்யாது. எதிர்ப்பொருளின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்து விழுங்குவது சில வெள்ளை அணுக்களின் வழக்கம். வாலோடு சேர்ந்து உயிருள்ள வைரஸும் உள்ளே போகிறது; டெங்கு பெருகுவதற்குப் பிடித்த இடமே அந்த அணுக்கள்தான். காவல்காரரே திருடனைக் கைப்பிடித்துக் கருவூலத்துக்குள் விடுகிறார்.

இந்தப் பின்னணியில் சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்சியா ஊசி வந்தது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு, ஒன்பது வயதான பள்ளிப் பிள்ளைகளிலிருந்து போடத் தொடங்கியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முன்பே டெங்கு வந்திருக்கிறதா என்று யாருக்கும் ரத்தம் பார்க்கவில்லை.

பெரும் சோதனைகளின்போதும் ஊசிக்கு முந்தைய ரத்தம் ஒரு சிறு பகுதியினரிடம்தான் எடுக்கப்பட்டிருந்தது. பிறகு, யாருக்கு முன்பே டெங்கு வந்திருந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முன்னே சொன்ன துப்பறியும் வேலைதான். டெங்வாக்சியா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடலுக்கு டெங்குவின் மேற்சட்டையை மாட்டியது. ஆகவே டெங்குவின் என்.எஸ்.1 புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது ஊசியால் வந்ததல்ல, நோயால் வந்தது. பதின்மூன்றாம் மாதத்தில் எடுத்துவைத்த ரத்தத்தில் இதைத் தேடினார்கள்.

கிடைத்தது இது: 2 முதல் 16 வயதுப் பிள்ளைகளில், முன்பே டெங்கு வந்தவர்களில் ஊசி போட்டவர்கள் ஐந்தாண்டில் டெங்குவால் மருத்துவமனையில் சேர்ந்தது 0.75 சதவீதம்; போடாதவர்கள் 2.47 சதவீதம். அருமையான ஊசி. டெங்கு வராத பிள்ளைகளில் ஊசி போட்டவர்கள் 3.06 சதவீதம், போடாதவர்கள் 1.87 சதவீதம். அதே குப்பி, அதே மருந்து. நோயைக் காணாத உடலில் ஊசியே முதல் டெங்குவின் வேலையைச் செய்துவிட்டது. பிறகு கொசு கொண்டுவந்தது இரண்டாவது டெங்கு.

2017 நவம்பர் 29 அன்று சனோஃபி இதை அறிவித்தது. பிலிப்பைன்ஸ் திட்டத்தை நிறுத்தியது. 'தடுப்பூசி முக்கியம்' என்பதை உறுதியாக ஏற்றவர்கள் அந்நாட்டில் 2015இல் 93 சதவீதம்; 2018இல் 32 சதவீதம். டெங்குவோடு எந்தத் தொடர்பும் இல்லாத தட்டம்மை, 2019இல் அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கொன்றது.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. சென்னை நோய்ப்பரவியல் நிறுவனமே 2017, 2018இல் எடுத்த கணக்கெடுப்பில், 5 முதல் 45 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 48.7 சதவீதம் பேருக்கு டெங்கு வந்துபோன அடையாளம் ரத்தத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் 76.9 சதவீதம். நான்கில் மூவருக்கு வந்துபோயிருக்கிறது. பலருக்கு வந்ததே தெரியாது. பனேசியா பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024 ஆகஸ்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய 'டெங்கிஆல்' ஊசிச் சோதனையின் முடிவை அந்த நான்காமவருக்காகவும் படிக்க வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் டெங்வாக்சியாவுக்கு விதியை மாற்றியது: முதலில் ரத்தம் பாருங்கள், பிறகு ஊசி. அமெரிக்கா 2019இல் அதற்கு அனுமதி கொடுத்தபோது, டெங்கு ஏற்கெனவே வந்துபோனதாக ஆய்வகச் சான்று உள்ள 9 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதியது. போர்ட்டோ ரிக்கோ தீவில் அப்படித்தான் போட்டார்கள். பிறகு கேட்பாரில்லை என்று நிறுவனம் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது.

எங்கள் தெருமுனை வரிசையில் நின்ற பெரியவரின் பேரன் அந்தத் தீவில் வரிசையில் நின்றிருந்தால், "வந்துட்டுப் போயிருச்சு" என்று ஆய்வகச் சான்றை நீட்டியதும் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லியிருப்பார்கள். "எனக்கு வந்ததே இல்ல" என்ற பக்கத்துப் பையனைத்தான் வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பார்கள்.